பள்ளிவாசலுக்குப் போன டிராக்டர் விளக்குகள்

துரைமார் இருட்டில் புல் வெட்டுவதில்லை. அதனால்தான் அந்த டிராக்டருக்கு விளக்கே இருக்கவில்லை.

அது வயலுக்கென்று செய்த டிராக்டர் அல்ல. மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு முன்னால் இருந்த புல்தரையை வெட்டுவதற்காகக் கப்பலில் வந்தது. துரை ஒரேயடியாகத் தன் நாட்டுக்குப் போனபோது சாமான்களையெல்லாம் விற்றார்கள். யார் யாரோ கதிரை மேசை வாங்கினார்கள், பீங்கான் கோப்பை வாங்கினார்கள். என் கணவர் போய் அந்தப் புல் வெட்டும் டிராக்டரை வாங்கிக்கொண்டு வந்தார். கன்றுக்குட்டி உயரம். ஆள் ஏறி உட்கார்ந்தால் முழங்கால் நாடியில் முட்டும். ஊரே நின்று சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். புல் வெட்டும் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்னால் சின்னக் கலப்பை பூட்டி, சேற்றில் இறங்குவதற்கு இரும்புச் சக்கரம் மாட்டி அவர் அதை வயலில் இறக்கிய அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். யட்டவத்தைக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் ஊர் வயல்கள் சரிவில் தட்டுத் தட்டாக இறங்குபவை. பெரிய டிராக்டர் வந்தால் திரும்ப இடமில்லை. இது எருமை திரும்புகிற இடத்திலெல்லாம் திரும்பியது. ஒரே வருடத்தில் என் கணவர் ஊருக்கே வேண்டிய ஆளாகிவிட்டார். என் வயிற்றெரிச்சலும் அந்த வருடத்தில்தான் தொடங்கியது.

அவர் நல்ல மனிதர். இதைச் சொல்லும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. யார் வந்து கேட்டாலும் "அதுக்கென்ன, செஞ்சி தாறேன்" என்பதுதான் பதில். சிங்களவர் வந்தால் சிங்களத்தில் சொல்வார், நம் ஆட்கள் வந்தால் தமிழில் சொல்வார், அவ்வளவுதான் வித்தியாசம். இல்லை என்ற சொல்லை அவருடைய உம்மா அவருக்குப் பழக்கவில்லை போலிருக்கிறது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. விருந்து வீட்டில் சகன் வைத்து, ஒரே தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேராக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வீட்டுக்காரர் முதலில் உட்காரமாட்டார். வந்தவர்கள் எல்லாரும் உண்டு கையைக் கழுவிய பிறகு, கடைசிச் சகனில், மிஞ்சிய இறைச்சியோடு உட்காருவார். மரியாதை அப்படி. என் கணவர் டிராக்டரையும் ஒரு சகன் என்று நினைத்துவிட்டார். டிராக்டர் நம்முடையது, ஆகவே நம்முடைய வயல் கடைசி. முதலில் நம் வயலை உழுதால் ஊரில் என்ன சொல்வார்கள்? அவருக்கு அதுதான் கவலை. சோறு முடிந்தால் இன்னொரு தாம்பாளம் போடலாம். வாய்க்காலில் தண்ணீர் முடிந்தால் யார் போடுவது? இந்தக் கேள்வியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். "பாப்போம் புள்ள" என்பார்.

பார்த்தோம். அதற்கு முந்திய போகத்தில் ஊரிலுள்ள வயலெல்லாம் உழுது முடித்துவிட்டு எங்கள் வயலுக்கு வந்தபோது தண்ணீர் கீழ்ப்பக்கத்து வயல்களுக்குப் போய்விட்டது. சேறு ஓடாகக் காய்ந்து கிடந்தது. அந்தக் குட்டி டிராக்டர் அதில் கலப்பையை வைத்தால் முன்பக்கம்தான் எழும்பியது. ஊரையெல்லாம் உழுதவரின் வயல் தரிசு! அந்தப் போகம் முழுக்க, பச்சையாய் நின்ற மற்றவர்களின் வயல்களைப் பார்த்துக்கொண்டு நான் கிணற்றுக்குப் போய் வந்தேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

அது எழுபதுகளின் தொடக்கம். காசு இருந்தாலும் அரிசி கிடைக்காத காலம். அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுத்த அரிசியைக் குறைத்துவிட்டது. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு ஒரு மூட்டை நெல்லைக் கொண்டுபோனால் வழியில் மறித்துப் பறித்தார்கள். பேக்கரியில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நிற்கவேண்டும். தன் வயலில் நெல் விளைந்தவன் சோறு தின்றான், விளையாதவன் மரவள்ளிக் கிழங்கு தின்றான். என் பிள்ளைகள் மரவள்ளி தின்றார்கள். கிழங்கைக் கண்டாலே சின்னவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழுவாள். வாப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வயல் அது. அந்த வயல் இருக்க என் பிள்ளைகளுக்குச் சோறு இல்லை.

அடுத்த பெரும்போகம் வந்தது. மழை ஏமாற்றிவிட்டது. அணையிலிருந்து வாய்க்காலில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். போதாததற்கு நோன்பு மாதமும் அப்போதுதான் வந்தது. அவர் நோன்போடு காலையில் போய் பிற்பகல்வரை மற்றவர்களின் வயலில் உழுதுவிட்டு, உதடு வெடித்து, கண் குழி விழுந்து வருவார். நோன்பு திறந்து கஞ்சியைக் குடித்ததும் சுருண்டு விடுவார்.

நான் ஒரு நாள் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். "இங்க பாருங்க. பகல் ஊருக்கு. ராவு எங்களுக்கு. நோன்பு தொறந்து, வயித்துக்கு ஏதாவது போட்டு, தொழுதுட்டு வயலுக்குப் போங்க. வெயிலும் இல்ல, தாகமும் இல்ல."

"இருட்டுல என்னத்த புள்ள உழுற? அதுக்கு லைட் இல்லியே."

"லைட்ட நான் பாத்துக்கிறேன். ராவு எங்களுக்குன்டு ஒத்துக்கிறீங்களா இல்லியா?"

"அதுக்கென்ன" என்றார். அந்த வார்த்தையை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்லவேண்டும்.

மாத்தளை டவுனில் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் வயர் வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பொடியன் இருந்தான். பொடியன் என்கிறேன், கலியாண வயதில் தங்கை இருந்தவன். எல்லாரும் அவனை வயர் பாஸ் என்பார்கள். வேலையில் கெட்டிக்காரன். ஆனால் சாமானுக்கு எங்கே போவது? வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு பல்ப் வேண்டுமென்றாலும் பழைய பல்பைக் கொண்டுபோய்க் காட்டி, பல்லை இளித்து நிற்கவேண்டிய காலம். அவனுடைய பட்டறைக்குப் பின்னால் செத்துப்போன பஸ் ஒன்று கிடந்தது. அதில் இரண்டு பெரிய முன்விளக்குகள் நல்ல நிலையில் இருந்தன. பின்பக்கம் திருப்பக்கூடிய சின்ன விளக்கு ஒன்றும் இருந்தது.

அவன் அதைச் சும்மா தருவானா? தங்கையின் கலியாணத்துக்கு ஒரு தையல் மெஷின் தேடிக்கொண்டிருந்தான். என்னிடம் கை மெஷின் ஒன்று இருந்தது. பெருநாள் உடுப்புத் தைக்கக் கொடுக்கிறவர்கள் நோன்பு மாதத்தில்தான் வரிசையாக வருவார்கள். வருடத்தில் என் கையில் நாலு காசு புழங்குகிற ஒரே மாதம் அது. நான் யோசித்தேன். சட்டை தைத்தால் சட்டை வரும், சோறு வராது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் அவன் மேசைமேல் வைத்தேன்.

"அக்கா, நல்லா யோசிச்சிட்டீங்களா?" என்றான்.

"யோசிச்சாச்சு. மூணு லைட்டும், பெரிய பெட்டரி ஒண்ணும், பூட்டுற வேலையும். என்ன சொல்றீங்க?"

"முன்னால ரெண்டு போட்டுருவோம். ஆனா அக்கா, உழுறவனுக்கு முன்னுக்கு வெளிச்சம் பாதிதாங்க. அவன் திரும்பித் திரும்பிக் கலப்பையத்தானே பாப்பான். அதனால சின்னத பின்னால போட்டாத்தான் சால் தெரியும். இன்னொண்ணு. அந்த வண்டி டைனமோ பூனைக்குட்டி மாதிரி. மூணு லைட்டையும் தாங்காது. எஞ்சினக் கொறைச்சா லைட்டும் மங்கும்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

சொன்னபடியே ஊருக்கு வந்து பூட்டித் தந்தான். பழைய இரும்புக் கட்டிலின் சட்டத்தை அறுத்து முன்னால் ஒரு தாங்கி செய்தான். தாழ வைத்தால் சேறு அடித்துக் கண்ணாடியை மூடிவிடும் என்று நெஞ்சு உயரத்துக்கு ஏற்றினான். பெட்டரியை இருக்கைக்குக் கீழே கம்பியால் கட்டினான். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனிச் சுவிட்ச். பொழுதுபட்டு, மஃரிப் தொழுகைக்குப் பிறகு அதைப் போட்டபோது வெளிச்சம் எதிர்ச் சரிவில் இருக்கிற மிளகுக் கொடிவரை போனது. பிள்ளைகள் துள்ளினார்கள். துரையின் புல் வெட்டும் வண்டி பஸ்ஸின் கண்ணை வைத்துக்கொண்டு நின்றது. என் நெஞ்சு நிறைந்துபோனது. இனி யார் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

யார் என்ன செய்ய? என் வீட்டுக்காரர் போதுமே!

முதல் இரவு, மேல்தட்டு வயல்காரருக்குப் பகலில் கொஞ்சம் மிச்சம் விழுந்துவிட்டது, அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். மறு இரவு, இன்னொருவரின் மனைவிக்குச் சுகமில்லை, அவரால் காத்திருக்க முடியாதாம். அடுத்த இரவு, அவருடைய மாமா முறையான ஒருவர். சொந்தக்காரர்களுக்கு எப்படி இல்லை என்பது? முன்பு பகலில் மட்டும் ஊருக்கு உழைத்தவர், நான் விளக்கு பூட்டிக் கொடுத்த பிறகு இரவிலும் ஊருக்கு உழைத்தார். என் மெஷினைக் கொடுத்து நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டேன். ஊரில் எல்லாரும் மெச்சினார்கள். "ஒங்கட மாப்புள தங்கமான மனிசன்" என்று சொல்ல ஒருத்தி வீட்டுக்கே வந்தாள். தங்கத்தை உலையில் போட்டுச் சோறாக்க முடியுமா என்று கேட்டேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும்.

சண்டை போட்டேன். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போது சண்டை, நோன்பு திறக்கும்போது சண்டை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியைக் குடிப்பார். பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினாலாவது என் கோபம் கொஞ்சம் வடிந்திருக்கும். அதற்கும் வழியில்லை.

இப்படியே இருபத்தேழாம் இரவு வந்தது. வருடத்திலேயே மகத்தான இரவு அதுவாக இருக்கலாம் என்று விடிய விடியத் தொழுகிற இரவு. அன்றைக்கு மாலை வெல்விதானை எங்கள் வாசலுக்கு வந்தார். வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற சிங்களப் பெரியவர். நியாயமான மனிதர், யாருக்கும் ஒரு மடை கூடவும் விடமாட்டார், குறையவும் விடமாட்டார். "நங்கி, ஹெட்ட உதே வத்துர வஹனவா" என்றார். நாளைக் காலை எங்கள் பக்கத்துத் தண்ணீரை அடைத்துக் கீழே விடப்போகிறார். "உங்கட வயல் மட்டும்தான் இன்னும் உழல்ல" என்று தமிழிலும் சொல்லிவிட்டு, உள்ளே இரக்கத்தோடு பார்த்தார். போன போகத்தைப் பார்த்தவர் அல்லவா.

"இன்டைக்கு ராவுக்கு முடிஞ்சிரும்" என்றேன். எனக்கு அப்போது பயமில்லை. ஊரில் மற்ற வயல் எல்லாம் முடிந்துவிட்டது. இனிக் கொடுப்பதற்கு அவரிடம் வேறு ஆள் இல்லை. வயலில் தண்ணீர் நின்றது. மற்றவர்களின் கடைசி வயலை முடித்துவிட்டுப் பின்னேரம் டிராக்டரை எங்கள் வயலில் கொண்டுபோய் விட்டிருந்தார்.

நோன்பு திறந்தோம். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேரீச்சம்பழத்தின் கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டு இருந்தார். மஃரிப் தொழுதார், சாப்பிட்டார், தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். நான் பாத்திரங்களைக் கழுவிவிட்டு எஞ்சின் சத்தம் கேட்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். இராத் தொழுகைக்கு இஷா பாங்கு சொன்னார்கள். எஞ்சின் சத்தம் இல்லை. தொழுகை தொடங்கியிருக்கும். அப்போதும் இல்லை. சின்னவளை மாமியின், அவருடைய உம்மாவின், மடியில் போட்டுவிட்டு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன்.

டிராக்டர் வயலில் நின்றது. முன்னால் அந்தக் கட்டில் சட்டத்தில் விளக்கு இல்லை. பின்னாலும் இல்லை. இருக்கைக்குக் கீழே பெட்டரியும் இல்லை. வெட்டிய வயர்கள்தான் தொங்கின. முதலில் களவு போய்விட்டது என்றுதான் நினைத்தேன். யா அல்லாஹ் என்று அலறப்போனேன். அப்போதுதான் சரிவுக்குக் கீழே பார்த்தேன். பள்ளிவாசல் சுண்ணாம்பு வெள்ளையாகப் பளபளத்தது. எங்கள் ஊரில் மின்சாரம் கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் அப்படி வெட்டாது. அது பஸ் விளக்கு. என்னுடைய விளக்கு.

ஆத்திரத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து அவருடைய பெட்டியைக் கவிழ்த்து ஸ்பெனரைத் தேடி எடுத்தேன்.

"எங்க போற இந்த நேரத்துல?" என்றார் மாமி.

"பள்ளிக்கு."

"பொம்புளைங்க தொழுற வீடு மேல்பக்கந்தானே?"

"நான் தொழப் போகல்ல மாமி."

மாமி என் கையிலிருந்த ஸ்பெனரைப் பார்த்தார். "ஒம் மாப்புளைக்கு அடிச்சிராத" என்று மட்டும் சொன்னார்.

எங்கள் பள்ளிவாசலுக்குப் பெண்கள் போவதில்லை. அதன் மதில் ஓரமாகக்கூட நான் அதற்கு முன் இரவில் நடந்தது கிடையாது. அன்றைக்கு நேரே வெளி விறாந்தைக்குப் போய் நின்றேன். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது. இரண்டு பெரிய விளக்குகளைத் தூணில் கட்டி முகட்டைப் பார்க்கத் திருப்பியிருந்தார்கள். சின்னதை முன்வரிசையின் பக்கம் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் டவுனிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் ஜரிகைத் தொப்பியோடு நின்றார். அந்த வருடம் அவர் நம் பள்ளிக்கு வருகிறார் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவருக்குப் பக்கத்தில் மத்திச்சம் நின்றார், எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தின் தலைவர். சுண்ணாம்பில் பட்டுத் தெறித்த வெளிச்சம் கண்ணில் அடித்துப் பாதிப் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நின்றார்கள். வழக்கமாக எரிகிற பெட்ரோமாக்ஸ் இரண்டும் அணைந்து என் காலடியில் விறாந்தை மூலையில் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் என் பெட்டரி.

கடைசி வரிசையில் என் கணவர். முதுகைப் பார்த்தே கண்டுகொண்டேன்.

நான் தொழுகையை முறிக்கவில்லை. இதைப் பிறகு ஊரில் மாற்றிச் சொன்னார்கள், அதனால் சொல்கிறேன். அந்த ஒரு தொழுகை ஸலாம் கொடுத்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் ஜன்னல் கம்பியில் ஸ்பெனரால் தட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. மத்திச்சம் வேகமாக வெளியே வந்தார். எனக்கு அவரைச் சிறு வயதிலிருந்து தெரியும். அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவேன்.

"என்ன புள்ள இது? பள்ளிக்கு வாற நேரமா இது?"

"என்ட லைட்டத் தாங்க நானா. நான் போறேன்."

"இது என்ன ராவுன்டு தெரியுமா ஒங்களுக்கு? இந்த வெளிச்சத்துக்கு எவ்வளவு நன்மை கெடைக்கும் தெரியுமா?"

"நன்மையும் வேணும்தான். நெல்லும் வேணும். வெடிஞ்சா எங்கட பக்கத்துத் தண்ணிய அடைச்சிருவாங்க."

"வெடியச் சுபஹு தொழுதுட்டுப் பொறகு எடுத்துக்குங்க. ஒரு ராவுதானே."

"எனக்கும் அந்த ஒரு ராவுதான் நானா இரிக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். உள்ளே இருந்த ஜரிகைத் தொப்பிக்குக் கேட்டுவிடக்கூடாதல்லவா. "ஒங்கட மாப்புள மனசாரத் தந்தது. நான் கேட்டதும் அவரே கழட்டித் தந்தாரு. ஆம்புள தந்த சாமான பொம்புள வந்து கேக்குறதா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

நாலு பேர்! அந்த நாலு பேர் என் வீட்டுக்கு ஒரு கொத்து அரிசி கொண்டுவந்து தந்ததுண்டா? அதுவரை அடக்கிவைத்திருந்த என் குரல் உடைந்து உயர்ந்தது.

"அவரு தந்தாரு. ஆனா அது அவருட இல்ல. என்ட தையல் மெஷினக் குடுத்து நான் வாங்கினது. போன போகம் என்ட புள்ளைங்க கெழங்கு தின்டுச்சு. இந்தப் போகமும் தின்னணுமா? கெழங்கு தின்டதுக்கு எவ்வளவு நன்மைன்டு அதையும் சொல்லுங்க!"

மத்திச்சம் திரும்பி உள்ளே பார்த்தார். நான் குனிந்து பெட்டரியில் ஸ்பெனரை வைத்தேன். ஆணி இளகியதும் வயரை இழுத்தேன்.

பள்ளிவாசல் இருண்டது. உள்ளே யாரோ "பல்பு போயிட்டு!" என்றார்கள். யாரோ யாருடைய காலையோ மிதித்தார்கள். "பெட்ரோமாக்ஸ் எங்க, பெட்ரோமாக்ஸக் கொண்டாங்க" என்று மத்திச்சம் இருட்டில் தடவினார். எனக்கு அப்போது பயம் பிடித்தது. பொய் சொல்லமாட்டேன். தொழுகிற இடத்தை இருட்டாக்கிவிட்டோமே, இந்த இரவில் தொழுகை நின்றுவிட்டால் அந்தப் பாவம் யார் தலையில் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது முன்னாலிருந்து அமைதியாக, அடுத்த தொழுகையைத் தொடங்குகிற தக்பீர் கேட்டது. எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பிறகு ஓதல் தொடங்கியது.

அந்த மாதம் தொழுவிக்க வந்திருந்த ஹஸரத் இளவயதுக்காரர். குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த ஹாபிழ். அவருக்கு வெளிச்சம் எதற்கு? கண்ணை மூடிக்கொண்டு ஓதுகிறவருக்கு முன்னால் பஸ் விளக்கு எரிந்தால் என்ன, எரியாவிட்டால் என்ன? கும்மிருட்டில் அவர் குரல் முன்பைவிட நிதானமாக வந்தது. ஓர் எழுத்து இடறவில்லை. வரிசையும் குலையவில்லை. பெட்ரோமாக்ஸைத் தேடிக்கொண்டிருந்த மத்திச்சமும் தேடலை விட்டுவிட்டு வரிசையில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

என் மனம் ஆறியிருக்கவேண்டும். ஆறவில்லை. பயம் போன இடத்தில் கோபம் இரட்டிப்பாக வந்து உட்கார்ந்தது. இருட்டிலேயே தொழ முடியுமென்றால் என் விளக்கை ஏன் எடுத்தார்கள்? யாருக்குக் காட்ட?

பக்கத்தில் யாரோ மூச்சுவிடுவது கேட்டது. என் கணவர். கடைசி வரிசையிலிருந்து நழுவி வந்திருக்கிறார். இருட்டில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டிருந்தார், ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"ஸ்பெனர் கொண்டாந்தீங்களா?" என்றார்.

நான் ஸ்பெனரை அவர் கையில் வைத்தேன். மாமி சொன்னதை நினைத்துக்கொண்டுதான் வைத்தேன்.

ஒவ்வொரு தொழுகைக்கும் இடையில் உள்ளே போய் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிக்கொண்டு வந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. விளக்குகளை நான் முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். அவர் பெட்டரியைத் தோளில் வைத்துக்கொண்டார். வயலில் நான் டோர்ச்சைப் பிடிக்க, அவர் பின் விளக்கை முதலில் பூட்டினார், பிறகு முன் விளக்கில் ஒன்று. மற்றதற்கு வயர் எட்டவில்லை. அதை வரப்பில் வைத்துவிட்டார். எஞ்சின் பிடித்தது. கலப்பை சேற்றில் இறங்கியது. பின் விளக்கின் வெளிச்சத்தில் மண் கறுப்பாகப் புரண்டு விழுந்தது. போன போகம் முழுக்க நான் பார்க்காத மண். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அதையும் கோபமாகத்தான் துடைத்தேன்.

பாதி வயல் முடிந்து என் பக்கத்தில் திரும்ப வந்தபோது எஞ்சினைத் தணித்தார். வயர் பாஸ் சொன்னபடி விளக்கும் மங்கியது. சத்தம் குறைந்ததும் கீழேயிருந்து ஓதல் கேட்டது. பள்ளிவாசலில் ஒரு பெட்ரோமாக்ஸ்கூட எரியவில்லை. ஏற்றுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை போலும். கறுப்பான மலைக்குக் கீழே அந்தக் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"கேக்குதா புள்ள?" என்றார். "லைட்டே இல்லாம ஓதுறாரு. அவருக்கு லைட்டே தேவப்படல்ல."

அதை ஏதோ அதிசயம்போலச் சொன்னார். குரலில் ஒரு சந்தோசம் வேறு.

"கழட்டிக் குடுக்க முந்தி அவர்ட்டக் கேட்டீங்களா, லைட் வேணுமான்டு?"

"இல்ல."

"என்ட்டக் கேட்டீங்களா, குடுக்கவான்டு?"

அவர் கலப்பையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்த மனிதர் யாரிடமும் சொல்லாத இல்லை என்ற சொல்லை அன்றைக்கு என்னிடம் இரண்டாவது தடவையாகச் சொல்லவேண்டியிருந்தது. சொல்ல வாய் வரவில்லை.

"எஞ்சினக் கூட்டுங்க" என்றேன். "லைட் மங்குது."